ஃப்ரைபுர்க்ல ரினியூவபிள் எனர்ஜி படிக்க வர்றவங்களுக்கு: எந்த கோர்ஸ், எப்படி லேபுக்குள்ள நுழையறது

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். கிளாஸுக்கு போய் எக்ஸாம் எழுதி மார்க் வாங்கிட்டு கிளம்பற பிளான்ல இருந்தீங்கன்னா இவ்வளவு தூரம் வரவே வேணாம், சோலார் செல் எப்படி வேலை செய்யுதுங்கறத வீட்ல உக்காந்து வீடியோ பாத்தே கத்துக்கலாம். ஜெர்மனில ஃப்ரைபுர்க்க தேடி வர்றதுக்கு என்னப் பொறுத்தவரைக்கும் ஒரே காரணம்தான், யுனிவர்சிட்டியும் யூரோப்லயே பெரிய சோலார் ரிசர்ச் லேபான ஃப்ரவுன்ஹோஃபர் ஐ.எஸ்.இ.யும் ஒரே ஊர்ல சைக்கிள் தூரத்துல இருக்கு, காலைல கிளாஸ்ல உக்காந்துட்டு மத்தியானம் லேப்ல போய் மெஷர்மென்ட் எடுக்கலாம். அதனால இந்த கைடு பூரா ஒரே விஷயத்த சுத்தித்தான் வரும், ரெண்டாவது செமஸ்டர் முடியறதுக்குள்ள அந்த லேபுக்குள்ள ஒரு கால எடுத்து வைக்கறது எப்படி.

ஊர் கதைய கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க, இன்டர்வியூல கேக்க மாட்டாங்க, ஆனா இங்க ஏன் எல்லாரும் இப்படி இருக்காங்கன்னு புரியும். 1970கள்ல இங்கேருந்து கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் தள்ளி ரைன் ஆத்தங்கரைல வீல்னு ஒரு கிராமம், அங்க அணு மின் நிலையம் கட்ட பிளான் போட்டாங்க. அந்த பக்கமெல்லாம் திராட்சை விவசாயம், கூலிங் டவர்லேருந்து வர்ற ஆவி மூட்டமா நின்னு வெயில மறைச்சா திராட்சை என்னாகும்னு விவசாயிங்க பயந்துட்டாங்க, 1975 பிப்ரவரில நேரா அந்த இடத்துலயே போய் உக்காந்துட்டாங்க, ஃப்ரைபுர்க் ஸ்டூடன்ட்ஸும் கூட சேந்துகிட்டாங்க. கடைசில அங்க ரியாக்டர் வரவே இல்ல. ஆனா இது வேணாம்னு சொன்னா அப்ப கரண்டுக்கு என்ன வழின்னு ஒருத்தன் கேப்பான் இல்ல, அந்த கேள்விக்கு பதில் தேடற வேலையும் இந்த ஊர் தலைலயே விழுந்துச்சு. 1977ல ஓகோ இன்ஸ்டிட்யூட்னு ஒரு சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனம் ஆரம்பிச்சாங்க. 1981ல அடோல்ஃப் கோட்ஸ்பெர்கர்னு ஒரு செமிகண்டக்டர் ஃபிசிசிஸ்ட், ஏற்கனவே இங்க வேற ஒரு ஃப்ரவுன்ஹோஃபர் இன்ஸ்டிட்யூட்டுக்கு டைரக்டரா இருந்தவர், அத விட்டுட்டு வந்து ஐ.எஸ்.இ.ய ஆரம்பிச்சார். சின்ன டீமா ஆரம்பிச்சது இன்னைக்கு ஆயிரத்துக்கும் மேல ஆளுங்க இருக்கற இடம். இப்ப உலகம் பூரா விக்கற பேனல்ல டாப்கான்னு போட்டிருக்கும் பாருங்க, அந்த செல் டிசைன் 2013 வாக்குல இந்த லேப்லேருந்து வெளிய வந்ததுதான். 2022ல 47.6 சதவீதம் எஃபிஷியன்சி காட்டின, அதாவது விழற வெளிச்சத்துல அவ்வளவு பங்க கரண்டா மாத்தின செல்லும் இங்கதான் செஞ்சாங்க, ஆனா அது சூரிய வெளிச்சத்த 665 மடங்கு குவிச்சு விட்டு அளந்தது, வீட்டு கூரைல அப்படி வரும்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க.

சரி கோர்ஸுக்கு வருவோம். நிறைய பேர் தப்பு பண்றது இங்கதான், பேர்ல ரினியூவபிள்னு இருக்கறத பாத்துட்டு அப்ளை பண்ணிடறாங்க. ஃப்ரைபுர்க் யுனிவர்சிட்டில முக்கியமா ரெண்டு மாஸ்டர்ஸ் இருக்கு. ஒண்ணு ரினியூவபிள் எனர்ஜி இன்ஜினியரிங் அண்ட் மேனேஜ்மென்ட், சுருக்கமா ஆர்.இ.எம்.னு சொல்லுவாங்க, இது சுற்றுச்சூழல் ஃபேகல்ட்டி கீழ வருது, இங்கிலீஷ்ல நடக்குது, டெக்னாலஜியோட பாலிசி, எகனாமிக்ஸ், பிராஜெக்ட் மேனேஜ்மென்ட் எல்லாம் கலந்து இருக்கும். இன்னொண்ணு சஸ்டெய்னபிள் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங், டெக்னிக்கல் ஃபேகல்ட்டில இனாடெக்ங்கற இன்ஸ்டிட்யூட் நடத்துது, இந்த ஊர்ல இருக்கற அஞ்சு ஃப்ரவுன்ஹோஃபர் இன்ஸ்டிட்யூட்டும் சேந்து யுனிவர்சிட்டியோட 2015ல ஆரம்பிச்சது. இதுல மெட்டீரியல்ஸ், எனர்ஜி சிஸ்டம்ஸ், ரெசிலியன்ஸ் (அடி வாங்கினாலும் சிஸ்டம் தாங்கி நிக்கறது)னு மூணு பக்கம், கணக்கு ஜாஸ்தி. இது தவிர சோலார் எனர்ஜி இன்ஜினியரிங்னு ஆன்லைன் மாஸ்டர்ஸ் ஒண்ணு இருக்கு, வேலைல இருக்கறவங்களுக்கானது, அதுக்கு ஃபீஸ் கணக்கே வேற, அதயும் இதயும் குழப்பிக்காதீங்க.

எத எடுக்கறதுன்னு என்ன கேட்டா நான் திருப்பி ஒரு கேள்வி கேப்பேன். உங்கள ராத்திரி தூங்க விடாம பண்ற கேள்வி என்ன? இந்த செல்ல இன்னும் ஒரு சதவீதம் ஏத்த முடியுமாங்கறதா, இல்ல பகல் 1 மணிக்கு எல்லார் வீட்டு சோலாரும் ஒண்ணா கரண்ட தள்ளினா கிரிட், அதாவது ஊர் பூரா போற கரண்ட் லைன் தாங்குமாங்கறதா, இல்ல இதுக்கெல்லாம் யார் காசு போடுவாங்கறதா? முதல் ரெண்டுக்கு டெக்னிக்கல் ஃபேகல்ட்டி, மூணாவதுக்கு ஆர்.இ.எம். மூணுமே இல்ல, எனக்கு காத்தாடிதான் புடிக்கும்னா ஃப்ரைபுர்க்கே வேணாம், ரோஸ்கோப் மலை மேல 2003லயே டர்பைன் வெச்சாங்கதான், ஆனா விண்ட் ரிசர்ச்சுக்கு வடக்கே ஓல்டன்புர்க் போங்க, அங்க ஃபோர்விண்ட்னு விண்ட் ரிசர்ச் சென்டர் இருக்கு, 1987ல பி.பி.ஆர்.இ.ங்கற பேர்ல வளரும் நாட்டு ஸ்டூடன்ட்ஸ மனசுல வெச்சே ஆரம்பிச்ச ரினியூவபிள் எனர்ஜி மாஸ்டர்ஸும் ஓடிட்டு இருக்கு. இத எந்த கன்சல்டன்சியும் சொல்ல மாட்டாங்க. எனக்கு அப்ளிகேஷன் பாத்த கன்சல்டன்சி ஒண்ணு ஆறு யுனிவர்சிட்டிக்கும் ஒரே மோட்டிவேஷன் லெட்டர எழுதி பேர மட்டும் மாத்தி குடுத்தாங்க, அதுல ஒண்ணுல பேர மாத்தவும் மறந்துட்டாங்க, ரிஜெக்ட் ஆனப்புறம்தான் நானே பாத்தேன்.

பேப்பர் வேலைகள வேகமா சொல்லிடறேன். இந்தியால டிகிரி வாங்கினவங்களுக்கு 2022 நவம்பர்லேருந்து ஏ.பி.எஸ். சர்டிஃபிகேட் (உங்க டிகிரி நெஜம்தான்னு சரிபாத்து குடுக்கறது) இல்லாம ஸ்டூடன்ட் விசா கிடையாது, அதுக்கு 18,000 ரூபாய் கட்டி டாகுமென்ட் அனுப்பிட்டு காத்திருக்கணும், கடைசி நேரத்துல ஓடறவங்க மாட்டறது இதுலதான், அதனால ஐ.இ.எல்.டி.எஸ்.க்கு முன்னாடியே இத ஆரம்பிச்சிடுங்க. மார்க்க ஜெர்மன் கிரேடா மாத்த பவேரியன் ஃபார்முலான்னு ஒண்ணு இருக்கு, அதிகபட்ச மார்க்லேருந்து உங்க மார்க்க கழிச்சு, அத அதிகபட்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் இருக்கற வித்தியாசத்தால வகுத்து, மூணால பெருக்கி ஒண்ண கூட்டுங்க. 10க்கு 8 சி.ஜி.பி.ஏ., பாஸ் மார்க் 5ன்னு வெச்சா 2.2 வரும். அங்க 1 தான் ஃபர்ஸ்ட் கிளாஸ், 4 ஜஸ்ட் பாஸ், நம்பர் கம்மியானா நல்லதுங்கறது மண்டைல ஏறவே ஒரு மாசம் ஆகும். உங்க காலேஜ்ல பாஸ் மார்க் 4ஆ 5ஆங்கறத டிரான்ஸ்கிரிப்ட்ல தெளிவா போட சொல்லுங்க, அது ஒண்ணுல 0.2 மாறிடும்.

காசு. ஜெர்மனில எல்லா எடத்துலயும் படிப்பு ஃப்ரீன்னு சொல்லுவாங்க, ஃப்ரைபுர்க் இருக்கற பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலத்துல அப்படி இல்ல, 2017 வின்டர் செமஸ்டர்லேருந்து யூரோப்பியன் யூனியனுக்கு வெளிய இருந்து வர்றவங்க ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணும், நாலு செமஸ்டருக்கு 6,000. செமஸ்டர் காண்ட்ரிபியூஷன் தனி. விசாவுக்கு பிளாக்டு அக்கவுன்ட்ல வருஷத்துக்கு 11,904 யூரோ காட்டணும்னு 2024 செப்டம்பர்ல ஆக்கினாங்க, மாசம் 992 எடுக்கலாம், இந்த நம்பர் அப்பப்ப ஏறும், அப்ளை பண்ற அன்னைக்கு எம்பசி சைட்ல ஒரு தடவ பாத்துக்கோங்க. வீடு கிடைக்கறது நெஜமாவே கஷ்டம், அட்மிஷன் லெட்டர் கைக்கு வந்த அன்னைக்கே ஸ்டூடன்ட் ஹாஸ்டல நடத்தற ஸ்டூடியரென்டன்வெர்க்ல ரூமுக்கு அப்ளை பண்ணிடுங்க, பேர் லிஸ்ட்ல ஏறினா போதும், மத்தது அப்புறம்.

இப்ப முக்கியமான எடம். விசா வர்ற வரைக்கும் ரெண்டு மூணு மாசம் சும்மா இருப்பீங்க, அந்த நேரத்துலதான் லேபுக்குள்ள போற வேலையே ஆரம்பிக்குது. ஐ.எஸ்.இ. எனர்ஜி சார்ட்ஸ்னு ஒரு சைட் நடத்தறாங்க, ஜெர்மனில எந்த நேரத்துல எந்த சோர்ஸ்லேருந்து எவ்வளவு கரண்ட் வந்துச்சு, மார்க்கெட்ல என்ன விலைக்கு போச்சுன்னு எல்லாம் ஓப்பனா கிடக்கு, டவுன்லோடும் பண்ணலாம். முதல்ல மே மாசத்துல நல்ல வெயில் அடிச்ச ஒரு ஞாயித்துக்கிழமய எடுங்க. ஆஃபீஸ் ஃபேக்டரி எல்லாம் லீவு, கரண்ட் தேவை கம்மி, சோலார் உச்சத்துல இருக்கும், விலை பூஜ்யத்துக்கு கீழ போயிருக்கும், அதாவது கரண்ட எடுத்துக்கறவனுக்கு காசு குடுக்கறாங்க. 2024ல மட்டும் இப்படி 457 மணி நேரம் நெகட்டிவ் விலை. அடுத்து 2024 டிசம்பர் 12ஆம் தேதிய திறங்க. காத்தும் இல்ல வெயிலும் இல்ல, மொத்த நாடும் மேகத்துக்கு அடில, சாயங்காலம் 5 மணிக்கு ஒரு மெகாவாட் ஹவர், அதாவது 1,000 யூனிட், 936 யூரோ வரைக்கும் விலை ஏறிச்சு. இதுக்கு இங்க டுங்கல்ஃப்ளௌட்டன்னு ஒரு வார்த்தையே இருக்கு, இருட்டும் காத்து அடங்கிப்போறதும் சேந்தது. இந்த ரெண்டு நாளயும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பேட்டரி எவ்வளவு இருந்தா முதல் நாள் மிச்சம் ரெண்டாவது நாளுக்கு உதவும்னு கணக்கு போட்டு பாருங்க, மே மாச கரண்ட டிசம்பருக்கு கொண்டுபோக பேட்டரியால ஆகாதுன்னு நீங்களே கண்டுபுடிப்பீங்க, மிச்ச கரண்ட ஹைட்ரஜனா மாத்தினா மாசக்கணக்கா சேத்து வைக்கலாம், அப்பதான் ஹைட்ரஜன் டிபார்ட்மென்ட்ல இவ்வளவு பேர் என்ன பண்றாங்கன்னு புரியும்.

பேனல் பக்கம் ஆர்வம் இருந்தா பைத்தான்ல பிவிலிப்னு ஒரு ஃப்ரீ லைப்ரரி இருக்கு, யூரோப்பியன் கமிஷனோட பிவிஜிஸ்லேருந்து வெயில் டேட்டா ஃப்ரீயா எடுக்கலாம், ரெண்டயும் சேத்து ஒரு கிலோவாட் பேனல் வருஷத்துக்கு எவ்வளவு குடுக்கும்னு போட்டு பாருங்க. ஃப்ரைபுர்க்ல 1,000 யூனிட்டுக்கு கொஞ்சம் மேல வரும். அப்புறம் டெம்பரேச்சர் மாடல ஆன் பண்ணியும் ஆஃப் பண்ணியும் ஓட்டுங்க. பேனல் மேல எழுதியிருக்கற வாட் கணக்கு செல் 25 டிகிரில இருக்கும்போது எடுத்தது, நல்ல வெயில்ல செல் 55 டிகிரிக்கு ஈஸியா போயிடும், ஒரு டிகிரிக்கு 0.35 சதவீதம் குறையுதுன்னா 30 டிகிரிக்கு பத்து சதவீதத்துக்கு மேல காணாம போயிடும். கூரைல ஒட்டி போட்ட பேனலுக்கும் காத்து போற மாதிரி தூக்கி வெச்ச பேனலுக்கும் இதுல எவ்வளவு வித்தியாசம்னு ஒரு கிராஃப் போட்டு வெச்சுக்கோங்க, அது பின்னாடி தேவைப்படும்.

வந்து சேந்ததும் முதல் செமஸ்டர் கிளாஸ், டவுன் ஹால் ரெஜிஸ்ட்ரேஷன், பேங்க், இன்ஷூரன்ஸ்னு ஓடிடும். ஆனா நவம்பர்லயே ஹீவி வேலை தேட ஆரம்பிங்க. ஹீவின்னா ஸ்டூடன்ட் அசிஸ்டென்ட், ஒரு ரிசர்ச் குரூப்ல வாரத்துக்கு சில மணி நேரம் வேலை, சம்பளமும் உண்டு. ஐ.எஸ்.இ. சைட்ல வேகன்சி போடுவாங்க, ஆனா அது வர்றதுக்கு முன்னாடியே பாதி எடம் பேச்சுலயே முடிஞ்சிடுது, அதான் நாமளே மெயில் போடணும்ங்கறது. நான் முதல்ல நாப்பது மெயில் போட்டேன், எல்லாத்துலயும் ரெஸ்பெக்டட் சார்னு ஆரம்பிச்சு எனக்கு சின்ன வயசுலேருந்தே சூரிய சக்தி மேல ஆர்வம்னு ஒரு பக்கத்துக்கு எழுதி ரெஸ்யூமே அட்டாச் பண்ணி அனுப்பினேன். ஒருத்தரும் பதில் போடல, போடவும் மாட்டாங்க, அதே மெயில் அவங்களுக்கு தினமும் பத்து வருது. நாப்பத்தி ஒண்ணாவத வேற மாதிரி எழுதினேன். டாக்டர் போட்டு குடும்பப் பேர் போட்டு கூப்பிட்டேன், அவரோட ஒரு பேப்பர்ல இருக்கற மூணாவது கிராஃப பத்தி ஒரு கேள்வி கேட்டேன், நான் பிவிலிப்ல போட்ட கிராஃப் ஒண்ண ஒட்டினேன், என்னோடதும் உங்களோடதும் காலை நேரத்துல மட்டும் ஏன் ஒத்துப் போகல, நான் எங்க தப்பு பண்ணேன்னு கேட்டு, வாரத்துக்கு 10 மணி நேரம் வேலை செய்ய தயார்னு ஒரு வரில முடிச்சேன். மறுநாளே பதில் வந்துச்சு, தப்பு என்னோட டைம்சோன் செட்டிங்ல. அடுத்த வாரம் வந்து பாருன்னும் எழுதியிருந்தார்.

அதனால மெயில்ல உங்க ஆர்வத்த எழுதாதீங்க, நீங்க செஞ்ச ஒரு வேலைய காட்டுங்க, தப்பா இருந்தாலும் பரவாயில்ல. பெரிய புரொஃபசருக்கு போடாம பி.எச்.டி. பண்றவங்களுக்கு போடுங்க, கைல வேலை குவிஞ்சு கிடக்கறது அவங்ககிட்டதான், டேட்டா கிளீன் பண்ணவும் செட்டப் மாட்டவும் ஆள் தேவைப்படறதும் அவங்களுக்குதான். முதல்ல குடுக்கற வேலை போரா இருக்கும், சென்சார் கேபிளுக்கு லேபிள் ஒட்டறது, எக்ஸல்ல விட்டுப்போன மணி நேரத்த தேடறது மாதிரி. முகம் சுளிக்காம செய்யுங்க. இங்க செல்லையும் பேனலையும் அளக்கறதுக்குன்னே கேல்லேப்னு ஒரு லேப் இருக்கு, அளவுல அரை சதவீதம் தப்புன்னா எங்கேருந்து வந்துச்சுன்னு மண்டைய உடைச்சுக்கறவங்க, அந்த பழக்கம் ஒட்டிக்கறதுக்கு லேபிள் ஒட்டற வேலை நல்ல ஆரம்பம். ஸ்டூடன்ட் விசால வருஷத்துக்கு 140 முழு நாள் இல்லன்னா 280 அரை நாள் வேலை செய்யலாம், 2024 மார்ச்லேருந்து இதுதான் கணக்கு, ஆனா முதல் வருஷம் வாரத்துக்கு 10 மணி நேரத்துக்கு மேல எடுத்தா எக்ஸாம்ல அடிவாங்குவீங்க.

ஒரு ஞாயித்துக்கிழமய ஊர பாக்கறதுக்கு ஒதுக்குங்க, இதுவும் படிப்புதான். சைக்கிள எடுத்துகிட்டு வோபான் ஏரியாவுக்கு போங்க, 1992 வரைக்கும் பிரெஞ்சு ராணுவ முகாமா இருந்த எடம், இப்ப வீட்டு வாசல்ல கார் நிக்காத தெருவும் கூரை பூரா பேனலுமா இருக்கு. பக்கத்துலயே ஷ்லீர்பெர்க்ல ரோல்ஃப் டிஷ்ங்கற ஆர்க்கிடெக்ட் கட்டின சோலார் காலனி, அந்த வீடுங்க தனக்கு வேண்டியத விட ஜாஸ்தி எனர்ஜி தயாரிக்குது. அவரே 1994ல தனக்கு கட்டிகிட்ட ஹீலியோட்ரோப்னு ஒரு உருளை வீடு இருக்கு, சூரியன் பக்கமா மெல்ல திரும்பும், குடும்பம் இருக்கற வீடு, வெளியேருந்து பாத்துட்டு வந்துடுங்க. நான் அங்க பாக்க சொல்றது அழக இல்ல. ஜன்னலுக்கு மேல கூரை எவ்வளவு நீட்டிகிட்டு இருக்குன்னு பாருங்க, கோடைல உச்சி வெயில தடுக்கவும் குளிர்காலத்துல சாஞ்சு வர்ற வெயில உள்ள விடவும் அந்த நீளம், அத போட்டோ எடுத்து வந்து சூரியன் கோணத்த வெச்சு கணக்கு போட்டா சரியா வரும். லெக்சர்ல மூணு வாரம் நடத்தினது அஞ்சு நிமிஷத்துல உள்ள இறங்கிடும். ஹாஸ்டல் பால்கனில சின்ன சோலார் மாட்ட வார்டன் சம்மதிச்சா அதயும் பண்ணுங்க, 2024 மே மாசத்துலேருந்து 800 வாட் இன்வெர்ட்டர் வரைக்கும் சிம்பிளா ஆன்லைன்ல பதிஞ்சிட்டு மாட்டிக்கலாம்.

தீசிஸ் நாலாவது செமஸ்டர், ஆறு மாசம், 30 கிரெடிட். தலைப்ப நீங்களா வானத்துலேருந்து இறக்காதீங்க, ஹீவி வேலை பண்ற குரூப்ல எந்த பிராஜெக்டுக்கு காசு ஓடிட்டு இருக்குன்னு பாத்து அதுல ஒரு துண்ட கேளுங்க, டேட்டா இருக்கும், கைட் பண்ண ஆளும் இருப்பாங்க. துண்டு சின்னதா இருக்கேன்னு வருத்தப்படாதீங்க. கோட்ஸ்பெர்கர் 1981லயே பேனல உயரமா தூக்கி வெச்சா கீழ உருளைக்கிழங்கு பயிர் பண்ணலாம்னு எழுதினார், யாரும் பெருசா கண்டுக்கல. 35 வருஷம் கழிச்சு 2016ல போடன்சே ஏரி பக்கம் ஹெகல்பாக்ங்கற பண்ணைல 194 கிலோவாட் போட்டாங்க, டிராக்டர் போற உயரத்துல, பயிரையும் பேனலையும் தனித்தனி நிலத்துல வெச்சா வர்ற பயன 100ன்னு வெச்சுகிட்டா, 2017ல நிலத்தோட மொத்த பயன் 160 சதவீதம்னு வந்துச்சு, வறட்சியான 2018ல உருளைக்கிழங்குல 186 சதவீதம், ஏன்னா பேனலோட நிழல் மண்ணு காயாம பாத்துகிச்சு. அந்த நம்பர் வர்றதுக்கு யாரோ நிழல்ல மண் ஈரத்த தினமும் அளந்திருக்காங்க இல்ல, அந்த மாதிரி வேலைதான் நல்ல மாஸ்டர்ஸ் தீசிஸ். யுனிவர்சிட்டில ஒரு எக்ஸாமினர் கையெழுத்து போடணும், லேப்ல ஒருத்தர் ஓகே சொன்னதும் நேரா அவர்கிட்ட போயிடுங்க, இந்த ரெண்டுக்கும் நடுவுல எனக்கு ஆறு வாரம் வீணாப் போச்சு.

ஜெர்மன் பாஷை வேணுமான்னு எல்லாரும் கேக்கறாங்க. கிளாஸுக்கு வேணாம். லேப்ல மீட்டிங் இங்கிலீஷ்ல நடக்கும், ஆனா முக்கியமான விஷயம் காஃபி மெஷின் பக்கத்துல ஜெர்மன்ல பேசி முடிச்சிருப்பாங்க. வர்றதுக்கு முன்னாடி ஜெர்மன் ஏ2 லெவல் முடிச்சிட்டு இங்க அடுத்த லெவலான பி1க்கு போயிடுங்க, ஷ்ட்ரோம்னா கரண்ட், வெக்சல்ரிக்டர்னா இன்வெர்ட்டர், நெட்ஸ்னா கிரிட், இந்த மாதிரி ஒரு அம்பது வார்த்தை தனியா எழுதி வெச்சுக்கோங்க, படிப்பு முடிஞ்சு வேலை தேட 18 மாசம் பர்மிட் குடுப்பாங்க, சோலார் கம்பெனி, கிரிட் கம்பெனி இன்டர்வியூவுல அது கைகுடுக்கும்.

அப்புறம் பழைய டவுன்ல தெருவோரமா சின்ன வாய்க்கா ஓடும், பெஹ்லேன்னு பேரு, அதுல தவறி கால விட்டா ஃப்ரைபுர்க் ஆளத்தான் கட்டிப்பீங்கன்னு சொல்லுவாங்க. கல்யாணம் நடக்குதோ இல்லையோ, ராத்திரில சைக்கிள் டயர் உள்ள இறங்கினா வீல் வளைஞ்சிடும், பாத்து ஓட்டுங்க.